கழற்றி மாட்டும் கணிப்பொறிகள்



செம்பனை ஆலையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கும். குலைகள் குவியும். வெட்டிய குலை காத்திருக்காது. நேரம் ஆக ஆக அதில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். குலை வெட்டியவர் உழைப்பும், உதிரி பொறுக்கியவர் உழைப்பும், லாரியில் ஏற்றியவர் உழைப்பும் அந்த ஓர் இயந்திரத்துக்காகக் காத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் இயந்திரம் எவ்வளவு பெரியது, என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. "மறுபடி எப்போது ஓடும்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

உலகத்து ஆலைகள் எல்லாவற்றிலும் கேட்கப்பட்ட கேள்வி இது. இந்தக் கேள்விக்கு விடை தேடிய பொறியியலாளர்கள் ஒரு புதுவகைக் கணிப்பொறியை உருவாக்கினார்கள். மேசை மேல் வைத்து எழுதவும் கணக்குப் போடவும் பயன்படும் கணிப்பொறி அன்று அது. ஆலையின் இரும்புப் பெட்டிக்குள், தூசியிலும் வெப்பத்திலும் அதிர்விலும் நின்று வேலை செய்யும் கணிப்பொறி. அதன் உள்ளே, புத்தக அலமாரியில் புத்தகங்களை அடுக்கியது போல, ஒரே அளவுள்ள மின்சுற்றுப் பலகைகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால் அதை உருவி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். அதன் வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குவோம். சைக்கிள் டியூப் வெடித்தால் நாம் என்ன செய்கிறோம்? அளவைச் சொல்லி எந்தக் கடையிலும் புதிய டியூப் வாங்கி மாட்டுகிறோம். சைக்கிளைச் செய்த நிறுவனத்தைத் தேடிப் போவதில்லை. சக்கரத்தின் அளவு பற்றிச் செய்பவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருப்பதால் நமக்கு இந்த வசதி கிடைக்கிறது. இந்த எளிய உடன்பாடு கணிப்பொறிகளுக்கு வந்து சேரச் சுமார் 25 ஆண்டுகள் ஆயின.

கதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மேய்னார்ட் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே ஒரு பழைய கம்பளி ஆலை இருந்தது. தறிகள் நின்று போன அந்தக் கட்டடத்தில் 1957 இல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரு பொறியியலாளர்கள் சிறிது இடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். கையில் இருந்த முதலீடு 70,000 டாலர். தொடங்கிய நிறுவனத்தின் பெயர் டிஜிட்டல் எக்குயிப்மெண்ட் கார்ப்பரேஷன். கணிப்பொறி செய்வதே அவர்கள் ஆசை. ஆனால் கணிப்பொறித் தொழிலில் பணம் போட அன்று முதலாளிகள் அஞ்சினார்கள். ஆகவே இருவரும் வேறு வழியில் போனார்கள். கணிப்பொறியின் உறுப்புகளை மட்டும் தனித் தனிப் பலகைகளாகச் செய்து 1958 முதல் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விற்றார்கள்.

அந்தப் பலகை ஒவ்வொன்றும் ஒரு சிறு வேலையைச் செய்யும். ஒன்று எண்ணும்; ஒன்று நினைவில் வைக்கும்; ஒன்று "இதுவும் அதுவும் இருக்கின்றனவா?" என்று பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும். வாங்குபவர் தமக்கு வேண்டியவற்றை வாங்கிக் கம்பிகளால் இணைத்துக்கொள்வார். பலகை விற்பனையில் இலாபம் வந்தது. 1959 இன் இறுதியில் அதே வகைப் பலகைகளைக் கொண்டு பி.டி.பி.-1 என்ற முழுக் கணிப்பொறியையே அந்த நிறுவனம் செய்து காட்டியது. 1965 இல் வந்த பி.டி.பி.-8 இன் விலை 18,000 டாலர். நமக்கு அது பெருந்தொகைதான். எனினும் அதற்கு முன் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு பல இலட்சம் டாலர் கேட்ட கணிப்பொறிகளோடு ஒப்பிட்டால், ஓர் ஆலை வாங்கக்கூடிய விலை அது.

இனி ஆலைக்குள் நுழைவோம். கணிப்பொறி வருவதற்கு முன்பு ஆலை இயந்திரங்களை இயக்கியது எது? ரிலே என்ற சிறு கருவிதான். ஒரு கம்பிச்சுருள், அதன் எதிரே ஓர் இரும்புத் துண்டு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி இரும்பை இழுக்கும். இரும்பு போய் வேறொரு மின் இணைப்பை மூடும். மின்சாரத்தை நிறுத்தினால் வில்கம்பி இரும்பைப் பின்னால் இழுத்துவிடும். "கதவு மூடியிருந்தால், எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தால், மோட்டார் ஓடட்டும்" என்ற கட்டளையை இப்படிப்பட்ட ரிலேக்களைக் கோத்தே உருவாக்கினார்கள். பெரிய கார் தொழிற்சாலையில் சுவர் நீளத்துக்கு இரும்புப் பெட்டிகள் நிற்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் ரிலேக்கள், ஆயிரக்கணக்கில் கம்பிகள்.

இதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. முதலாவது, ரிலே அசையும் பொருள்; ஆகவே தேயும். ஒரே ஒரு தொடுமுனையில் தூசி படிந்தாலும் இயந்திர வரிசை முழுவதும் நின்றுவிடும். எந்த ரிலே என்று கண்டுபிடிக்க மணிக்கணக்கில் ஆகும். இரண்டாவது, புதுவகைக் கார் செய்ய முடிவெடுத்தால் இயந்திரங்களின் வேலை மாறும். வேலை மாறினால் கம்பிகளைப் பிடுங்கி மறுபடி கோக்க வேண்டும். சில சமயம் பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் கியர் பகுதிகளைச் செய்த பிரிவுக்கு ஹைட்ரமேட்டிக் என்று பெயர். அந்தப் பிரிவு 1968 இல் ரிலேப் பெட்டிக்கு மாற்றாக ஒரு கருவி வேண்டும் என்று கேட்டது. அது வைத்த நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. கருவியின் கட்டளைகளை ஆலையிலேயே எளிதில் மாற்ற முடிய வேண்டும். பழுதானால் உறுப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டிச் சரிசெய்ய முடிய வேண்டும். ஆலையின் சூட்டையும் தூசியையும் தாங்க வேண்டும். ரிலேப் பெட்டியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். விலையிலும் ரிலேயோடு போட்டியிட வேண்டும். நுட்பமான கணிதத்தை அவர்கள் கேட்கவில்லை. நின்றால் உடனே எழுந்து ஓட வேண்டும் என்பதையே கேட்டார்கள்.

ஏறத்தாழ அதே வேளையில், மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்ட் நகரில் டிக் மோர்லி என்ற பொறியியலாளர் இதே எண்ணத்தில் இருந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஏறத்தாழ ஒரே வேலையை முதலிலிருந்து மறுபடி மறுபடி செய்து அவர் சலித்துப் போயிருந்தார். 1968 ஆம் ஆண்டுப் பிறப்பன்று, ஜனவரி முதல் நாள், எல்லா ஆலைக்கும் பொதுவான ஒரு கருவியின் திட்டத்தை எழுதி முடித்தார். அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழுவுக்கு அது 84 ஆவது திட்டம். ஆகவே கருவிக்கு 084 என்று பெயரிட்டார்கள். அதை விற்க மோடிகான் என்ற நிறுவனம் எழுந்தது. 1969 நவம்பரில் 084 ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதை மூன்று உறுப்புகளாகப் பிரித்திருந்தார்கள்: வேலையை நடத்தும் பலகை ஒன்று, நினைவகம் ஒன்று, ஆம்-இல்லைக் கணக்கைத் தீர்க்கும் பலகை ஒன்று. உள்ளே காற்றாடி இல்லை. வெளிக்காற்று உள்ளே புகுந்தால் ஆலைத் தூசியும் கூடவே வரும் என்பதால் பெட்டியை இறுக மூடிவிட்டார்கள். சூடு பெட்டியின் உலோக உடம்பு வழியாகவே வெளியேறியது.

டிஜிட்டல் நிறுவனமும் பி.டி.பி.-14 என்ற கருவியோடு அதே போட்டியில் இறங்கியது. அதில் கட்டளைகளைக் கம்பிகளால் பின்னி நினைவகமாகச் செய்தார்கள். ஒரு கட்டளையை மாற்ற வேண்டுமானால் நினைவகத்தைப் புதிதாகப் பின்ன வேண்டும். மோடிகானில் ஆலைத் தொழிலாளியே நின்ற இடத்தில் மாற்றிவிடலாம். இந்த வேறுபாடு மோடிகானுக்குக் கைகொடுத்தது. 1973 இல் வந்த அதன் அடுத்த வடிவமான 184 சந்தையில் நன்றாக விற்றது.

நேயர்களே, இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. புதிய இயந்திரம் வரும்போதெல்லாம் தொழிலாளியின் நெஞ்சில் எழும் அச்சம் என்ன? "நான் 20 ஆண்டு கற்ற தொழில் இனிச் செல்லாக்காசா?" என்பதுதான். ரிலேப் பெட்டிகளைப் பராமரித்த மின்பணியாளர்களுக்கும் அந்த அச்சம் இருந்திருக்கும். அவர்கள் ரிலே இணைப்புகளை ஒருவகைப் படமாக வரைவார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான கோடுகள். நடுவே படிகள் போலக் குறுக்குக் கோடுகள். பார்வைக்கு ஏணி போல இருப்பதால் அதை ஏணிப் படம் என்பார்கள். மோடிகான் கருவிக்குக் கட்டளை கொடுக்கும் முறையையும் அதே ஏணிப் படமாகவே அமைத்தார்கள். கணிப்பொறி மொழி எதையும் கற்காத மின்பணியாளர்கூட, தாம் அறிந்த படத்தைக் கொண்டே புதுக் கருவியிடம் வேலை வாங்க முடிந்தது. இன்றும் ஆலைகளில் இந்த ஏணிப் படம் வழக்கில் இருக்கிறது. தொழிலாளியைத் தன் மொழி பேச வைக்காமல், தொழிலாளியின் மொழியை இயந்திரம் கற்றுக்கொண்டது. அதனால் அது ஆலைக்குள் நிலைத்தது.

ஆனால் எல்லாம் நன்மையாக முடிந்துவிடவில்லை. ரிலே கோத்தவர்களுக்கு முன்போல அத்தனை வேலை இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. மேலும், ஒரு நிறுவனம் செய்த பலகை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருந்தாது. ஒருவரிடம் பெட்டி வாங்கினால், பலகையையும் காலமெல்லாம் அவரிடமே வாங்க வேண்டும். தோட்டத்துக் கடையில் கணக்குப் புத்தகம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இது விளங்கும். கடன் ஒரே கடையில் இருந்தால் அரிசியும் அங்கேதான், பருப்பும் அங்கேதான். விலை அவர் சொன்ன விலை. பட்டணத்துக் கடையில் மலிவு என்று தெரிந்தாலும் போக முடியாது. பெரிய பெரிய ஆலைகளும் பலகை வாங்குவதில் இதே நிலையில்தான் இருந்தன. இந்தக் கட்டு எவ்வாறு அவிழ்ந்தது என்பதே வரலாற்றின் இரண்டாம் பகுதி.

1971 இல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சில்லை வெளியிட்டது. கணிப்பொறியின் மூளைப் பகுதி முழுவதும் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டது. ஒரு பலகையில் ஒரு முழுக் கணிப்பொறியையே வைக்க வழி பிறந்தது. இனிப் பலகைகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்வது என்பதே கேள்வியாயிற்று. பெட்டியின் பின்சுவரில் ஒரு நீண்ட பலகையைப் பொருத்தி, அதில் இணையாகப் பல மின்கோடுகளை ஓடவிட்டார்கள். செருகப்படும் பலகை ஒவ்வொன்றும் அந்தக் கோடுகள் அனைத்தையும் தொடும். எல்லாரும் நடக்கும் தோட்டத்துச் சாலை போன்ற இந்தப் பொதுப்பாதையைப் பொறியியலாளர்கள் 'பஸ்' என்கிறார்கள். நாம் ஏறிப் போகும் பஸ்ஸுக்கும் இதற்கும் மூலச்சொல் ஒன்றே. ஆம்னிபஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு 'எல்லாருக்கும்' என்பது பொருள். டிஜிட்டல் நிறுவனம் 1970 இல் செய்த பி.டி.பி.-8/இ கணிப்பொறியின் பொதுப்பாதைக்கு ஆம்னிபஸ் என்றே பெயர்.

1975 ஜனவரியில் அமெரிக்க இதழ் ஒன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறி இடம்பெற்றது. வீட்டில் பொழுதுபோக்காகக் கருவி செய்பவர்களுக்கான பொருள் அது. அதன் பொதுப்பாதையில் 100 இணைப்புகள். வேறு நிறுவனங்களும் அந்த 100 இணைப்புகளுக்குப் பொருந்தும்படி பலகைகளைச் செய்து விற்கத் தொடங்கின. யாரும் கூடிப் பேசவில்லை. தானாகவே ஒரு பொது அளவு உருவாகிவிட்டது. அதற்கு எஸ்-100 என்று பெயர் வந்தது. ஆனால் விதிகளை முறையாக எழுதி வைக்காததால், ஒருவர் பலகையும் இன்னொருவர் பலகையும் ஒரே பெட்டிக்குள் சண்டையிட்டன. வடிவம் ஒன்றானால் மட்டும் போதாது, பேச்சு முறையும் ஒன்றாக வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்து 1978 இல் புரோ-லாக், மோஸ்டெக் என்ற இரு நிறுவனங்கள் ஆலைகளுக்கென்றே எஸ்.டி.டி. பஸ் என்ற அளவை வெளியிட்டன. நாலரை அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பலகை. 56 இணைப்புகள். ஒரு பலகைக்கு ஒரு வேலை என்பது அதன் நோக்கம். சூட்டை அளக்க ஒன்று, மோட்டாரை ஓட்ட ஒன்று என்று வேண்டியதை மட்டும் வாங்கலாம். சிறு ஆலைகளுக்கு அது ஏற்றதாக இருந்தது.

பெரிய வேலைகளுக்கு வேறொன்று தேவைப்பட்டது. 1979 இல் மோட்டரோலா நிறுவனம் 68000 என்ற ஆற்றல்மிக்க சில்லையும், அதற்கேற்ற வெர்சாபஸ் என்ற பொதுப்பாதையையும் கொண்டுவந்தது. அதன் பலகைகள் மிகப் பெரியவை. பலகையின் ஓரத்திலேயே உலோகப் பட்டைகளைப் பதித்து, அந்த ஓரத்தைச் செருகும் முறை. ஐரோப்பியப் பொறியியலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. அங்கே யூரோகார்டு என்ற பலகை அளவு ஏற்கெனவே வழக்கில் இருந்தது. சிறியது 100 மில்லிமீட்டருக்கு 160 மில்லிமீட்டர்; பெரியது 233 மில்லிமீட்டருக்கு 160. பலகையில் ஊசிகளும் எதிரே துளைகளும் கொண்ட இணைப்பு. வரிசைக்கு 32 ஆக மூன்று வரிசை, மொத்தம் 96. ஊசி துளைக்குள் இறுகப் பிடித்துக்கொள்வதால் ஆலையின் அதிர்வில் தளராது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் மோட்டரோலாவில் பணியாற்றிய மேக்ஸ் லோசல், ஸ்வென் ராவ் என்ற இருவர் வெர்சாபஸ்ஸின் பேச்சு முறையை எடுத்து யூரோகார்டின் உடம்பில் பொருத்தினார்கள். அதுவே வி.எம்.இ. பஸ் ஆயிற்று. 1981 அக்டோபரில் மோட்டரோலா, மோஸ்டெக், சிக்னெட்டிக்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் அதை உலகுக்கு அறிவித்தன. அதோடு, இந்த அளவும் விதிகளும் எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பலகை செய்து விற்கலாம் என்றும் சொல்லிவிட்டன.

போட்டி நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்தன? தருமம் செய்ய அவை வரவில்லை. மூன்றுமே 68000 சில்லைச் செய்து விற்றவை. பலர் பலகை செய்தால் சில்லு அதிகம் விற்கும் என்பது அவற்றின் கணக்கு. எனினும் அவற்றின் இலாபமும் ஆலைகளின் தேவையும் ஒரே திசையில் அமைந்தன. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்போம். வடம் பிடிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேண்டுதல் இருக்கலாம், தேர் என்னவோ நகர்கிறது. 1984 இல் பலகை செய்வோர் கூடி விட்டா என்ற சங்கத்தை அமைத்தார்கள். 1987 இல் மின்பொறியியலாளர்களின் அனைத்துலக அமைப்பான ஐ.இ.இ.இ. இந்த விதிகளை 1014 என்ற எண்ணுள்ள நியதியாக ஏற்று அச்சிட்டது.

இந்தப் பெட்டிக்குள் நடப்பதை இனிப் பார்ப்போம். ஒரு பெட்டியில் 21 பலகைகள் வரை செருகலாம். எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக் கூச்சலாகிவிடும். ஆகவே முதல் இடத்தில் இருக்கும் பலகை கூட்டத் தலைவர் போல் இருந்து, யாருக்குப் பேச அனுமதி என்று முடிவு செய்கிறது. அந்த அனுமதி பலகைக்குப் பலகை கைமாறிப் போகும். தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதைப் போன்றது இது. தேவையில்லாத பலகை வாளியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால்? வாளி அங்கேயே நின்றுவிடும். அதற்கப்பால் உள்ள பலகைகள் பேச முடியாது. ஆகவே காலி இடத்தில் ஒரு சிறு இணைப்புத் துண்டைப் போட்டு வைக்க வேண்டும். பழைய பெட்டிகளில் இந்தத் துண்டை மறந்துவிட்டு, பலகை கெட்டுவிட்டது என்று எண்ணி மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு விதி இதைவிடச் சிறப்பானது. ஒரு பலகை மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பினால், "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் வரும்வரை காத்திருக்கும். விரைவான பலகை விரைவாகப் பதில் சொல்லும். மெதுவான பலகை மெதுவாகச் சொல்லும். எல்லாரும் ஒரே தாளத்துக்கு ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெகுநேரம் பதிலே வராவிட்டால் ஒரு கடிகாரம் தலையிட்டு, தவறு நேர்ந்தது என்று அறிவித்துவிடும். இந்த ஏற்பாட்டால், புதிதாக வந்த வேகமான பலகையும் பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய பலகையும் ஒரே பெட்டியில் வேலை செய்ய முடிந்தது. புதியதை வாங்குவதற்காகப் பழையதை எறிய வேண்டியதில்லை. பேரனும் பாட்டனும் ஒரே வீட்டில் வாழ்வதைப் போல என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நாம் தொடக்கத்தில் பார்த்த காட்சிக்குத் திரும்புவோம். இயந்திரம் நின்றுவிட்டது. பணியாளர் பெட்டியைத் திறக்கிறார். பலகைகளின் முகப்பில் சிறு விளக்குகள் இருக்கின்றன. எந்தப் பலகையில் தவறு என்று பார்க்கிறார். மின்சாரத்தை நிறுத்துகிறார். இரண்டு திருகுகளைத் தளர்த்திப் பலகையை உருவுகிறார். சேமிப்பறையில் இருக்கும் மாற்றுப் பலகையை எடுத்து, பழையதில் இருந்த அமைப்புகளை இதிலும் சரிபார்த்துச் செருகுகிறார். ரிலே காலத்தில் ஒரு முழு நாள் தின்ற வேலை, மாற்றுப் பலகை கையில் இருந்தால், அரை மணியில் முடிந்துவிடுகிறது. அந்த மிச்ச நேரம் ஆலைக்குப் பணம். வாசலில் காத்திருப்பவருக்கு அன்றைய கூலி.

இத்தகைய பெட்டிகள் உருக்கு ஆலைகளிலும் இரயில்களிலும் வானோக்கு நிலையங்களிலும் இடம்பிடித்தன. ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் உள்ள செர்ன் அணு ஆய்வு நிலையம் 1980 களிலேயே வி.எம்.இ. பெட்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. நிலத்துக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அதன் பெரிய துகள் முடுக்கி 2008 செப்டம்பர் 10 அன்று இயங்கத் தொடங்கியபோதும், அதன் கட்டுப்பாட்டில் வி.எம்.இ. பெட்டிகள் பங்கு கொண்டன. 1981 இல் அறிவித்த ஓர் அளவு, 27 ஆண்டுகள் கழித்தும் புதிய வேலைக்கு உதவியது.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக் கைகளுக்கும் பங்குண்டு. 1972 இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுப் பொருத்தும் ஆலையைப் பினாங்கில் திறந்தது. வேறு மின்னணு நிறுவனங்களும் அப்போது பாயான் லெப்பாசுக்கு வந்தன. மலாய், சீன, இந்திய இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை. மாலையில் கண் எரிய வீடு திரும்பிய பெண்களை நாம் அறிவோம். தாம் தொட்ட சில்லு எந்த நாட்டின் எந்தப் பலகையில் போய் உட்கார்ந்தது என்பதை அவர்கள் அறிந்ததில்லை. கணிப்பொறி வரலாற்றை எழுதுபவர்கள் மேய்னார்டையும் மியூனிக்கையும் எழுதுகிறார்கள். இந்தக் கைகளையும் சேர்த்து எழுதுவதே முறை.

செய்தவர்களின் கதை பின்னர் என்ன ஆயிற்று? மோஸ்டெக் நிறுவனம் நட்டப்பட்டு 1985 இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. கம்பளி ஆலையில் பிறந்து பெருநிறுவனமாக வளர்ந்த டிஜிட்டல், 1998 இல் வேறொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டது. மோடிகான் பல கைகள் மாறியது. இன்று அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் வணிகப் பெயராக வாழ்கிறது. டிக் மோர்லி 2017 இல் காலமானார். ஆனால் மோஸ்டெக் மறைந்தபின்னும் அது அறிவித்த அளவில் மற்றவர்கள் பலகை செய்துகொண்டே இருந்தார்கள். 1990 களில் காம்பாக்ட் பி.சி.ஐ. என்ற வேகமான புதிய முறை வந்தபோதும், அதே யூரோகார்டு அளவையே எடுத்துக்கொண்டது. 1992 இல் வந்த பி.சி.-104 என்ற சிறு பலகைகள் பின்சுவரே இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படுபவை. அவற்றையும் பல நிறுவனங்கள் கூடியே வரையறுத்தன. ஒரு முதலாளியை நம்பி வாங்கிய பொருளுக்கு அந்த முதலாளியின் ஆயுளே ஆயுள். பொது அளவில் வாங்கிய பொருளுக்கு அவரையும் தாண்டிய ஆயுள் உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பலகையின் அளவு வாழ்ந்தாலும், அதன் மேல் உள்ள சில்லைச் செய்வதைச் சில ஆண்டுகளில் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது பழைய பலகைக்குப் புதிய மாற்று கிடைக்காமல் ஆலைகள் தவிக்கின்றன. இன்னொரு குறை நம் பிள்ளைகளைத் தொடுவது. பலகையை உருவி மாட்டுவது எளிதாகிவிட்டதால், அதைப் பழுது பார்க்கும் அறிவு ஆலையை விட்டு வெளியேறிவிடுகிறது. உருவி மாட்ட மட்டும் தெரிந்தவருக்குக் கிடைப்பது உருவி மாட்டும் கூலிதான். ஏன் உருவுகிறோம், எது கெட்டது, அது என்ன வேலை செய்தது என்று அறிந்தவரே மேலே போகிறார். ரிலே காலத்து மின்பணியாளர் ஏணிப் படத்தைப் படிக்கத் தெரிந்தவராக இருந்ததால்தான் புதிய இயந்திரம் வந்தபோதும் நிலைத்து நின்றார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆலைப் பயிற்சிக்கோ தொழிற்பள்ளிக்கோ போகும் இளைஞர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மின்சாரத்தை நிறுத்தாமல் பலகையை இழுக்கக் கூடாது. ஓடும்போதே மாற்றலாம் என்று குறித்திருக்கும் பலகைகளுக்கு மட்டுமே விலக்கு. இரண்டாவது, நம் உடம்பில் நாமறியாமல் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். நமக்கு உறைக்காத அந்தச் சிறு பொறி சில்லைக் கொன்றுவிடும். ஆகவே மணிக்கட்டில் அதற்கான பட்டையைக் கட்டி, அதன் கம்பியை மண்ணோடு இணைத்த பின்பே பலகையைத் தொட வேண்டும். பலகையை ஓரங்களில் பிடிக்க வேண்டும். ஊசிகளை விரலால் தொடக் கூடாது.

நேயர்களே, ஆலையில் சாம்பல் நிறப் பெட்டியின் கதவு திறந்திருப்பதை என்றேனும் காண நேர்ந்தால், உள்ளே வரிசையாக நிற்கும் பலகைகளைக் கவனியுங்கள். வேலைக்குப் போகும் உங்கள் மகனிடமோ மகளிடமோ, இது எந்த அளவுப் பலகை, வேறு யாரிடம் வாங்கலாம், அதன் படத்தைப் படிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிள்ளை எந்த ஆலையிலும் தலைநிமிர்ந்து நிற்கும். கடைக்காரர் புத்தகத்தில் கட்டுண்டு கிடந்த தலைமுறையிலிருந்து வந்தவர்கள் நாம். ஒரே கடையை நம்பியிருப்பதன் துன்பமும், நாலு கடையில் கேட்டு வாங்கும் உரிமையின் அருமையும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.